வால் வைத்த புள்ளடி

எழுத வந்ததற்கு முதலில் என்னை மன்னிக்க வேண்டும். நான் சாதாரண தரம் வரை மட்டும் படித்தவன். தமிழில் ஒரு பக்கத்துக்கு மேல் நான் கடைசியாக எழுதியது அகதி விண்ணப்பத்துக்காக. அதையும் மொழிபெயர்ப்பாளர் பாதியில் மடித்து, இவ்வளவு தேவையில்லை என்று சொல்லிவிட்டார்.

கொலோனில் எங்கள் சங்கத்து மலரைத் தொகுக்கும் துஷ்யந்தி மூன்று தரம் தொலைபேசி எடுத்தாள். இளைப்பாறியவர்கள் தங்கள் வேலையைப் பற்றி எழுத வேண்டுமாம். "அண்ணை, பனி அள்ளினதை எழுதுங்கோ, அது காணும்" என்றாள். பனி அள்ளியதில் எழுத ஒன்றும் இல்லை. அள்ளினோம், மறுபடி கொட்டியது.

சென்ற மாதம் நகரசபையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நகரத்துக்கு மேலே இருக்கும் எங்கள் சிற்றூரான மேலூரின் வாக்குச்சாவடியை மூடுகிறார்களாம். இனி நாங்கள் தபாலில் வாக்களிக்கலாம், அல்லது கீழே நகரத்துப் பாடசாலைக்குப் போகலாம். அந்தச் சாவடிக்கு இருபத்தாறு வருடம் மேசையும் மறைப்புத் தட்டியும் சுமந்தவன் நான். அதற்குத் தலைவராக இருந்த ஹேர் டோர்ன், அதாவது திரு டோர்ன், இந்த வசந்தத்தில் காலமாகிவிட்டார். அதனால் ஒரு விஷயத்தை இனி எழுதலாம் என்று நினைக்கிறேன். மேலூரில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர், நானும் மனைவியும். மனைவி மலரில் சமையல் பக்கத்தை மட்டும்தான் வாசிப்பாள்.

ஜெர்மனிக்கு வந்து முதலில் கொலோனில் கோப்பை கழுவினேன். பிறகு பீட்சா மா குழைத்தேன். பிறகு ரயிலில் ஒரு மணித்தியாலம் தள்ளி இந்தச் சிறு நகரத்தில் நகரசபை வேலைத்தளத்தில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டு வந்தேன். வீதி, பூங்கா, கல்லறைகள் இருக்கும் சேமக்காலை, பனி எல்லாம் பார்க்கிற இடம். ஹேர் டோர்ன் அங்கே பெரியவர். என் விசாவை ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிக்கொண்டிருந்த காலத்தில் அவர் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒரே வசனம்: 'இந்த மனிதர் இல்லாவிட்டால் மேலூரில் பனி கிடக்கும்.' அதிகாரி அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு மூன்று வருடம் தந்தார்.

ஹேர் டோர்ன் பேசுவது மிகக் குறைவு. அவருடைய வேலை உத்தரவுகள் எல்லாம் புள்ளடிகள், இரண்டு கோட்டைக் குறுக்கே போடுகிற அடையாளம். எடுக்க வேண்டிய கல்லில் ஒரு புள்ளடி, வெட்ட வேண்டிய மரத்தில் ஒரு புள்ளடி. முதல் கோடு சாதாரணமாக இருக்கும். இரண்டாவது கோட்டின் முடிவில் அவருடைய கை நிற்காமல் ஒரு பக்கம் கொக்கியாக வளையும். அந்த வால் அழகுக்கு வைத்தது அல்ல. வால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கம் மரம் விழ வேண்டும், அந்தப் பக்கம் கல்லை அடுக்க வேண்டும். எங்கள் மரம் வெட்டி உவே இருபது வருடம் வாலைப் பார்த்தே வெட்டினான். மரத்தைப் பார்த்ததே இல்லை என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். பழக்கம் எவ்வளவு ஊறியிருந்தது என்றால், விடுமுறைத் தாளில் 'அனுமதி' என்ற பெட்டியில் போடும் புள்ளடிக்கும் வால் இருக்கும். அது வாசல் பக்கம் திரும்பியிருக்கும்.

தேர்தல் வந்தால் ஹேர் டோர்ன்தான் மேலூர்ச் சாவடிக்குத் தலைவர். சாவடி தீயணைப்பு மண்டபத்தில். சனிக்கிழமை நான் வண்டியை வெளியே எடுத்து, எண்ணெய்க் கறைக்கு மேல் கடதாசி விரித்து, இரண்டு மறைப்புத் தட்டிகளை வைத்து, பென்சில்களை நூலில் கட்டுவேன். நூல் அறுபது சென்ரிமீற்றர். அதற்கு மேல் இருந்தால் பென்சில் வீட்டுக்குப் போய்விடும் என்பார். வாக்குப் பெட்டி ஒரு சாம்பல் நிறக் குப்பைத் தொட்டி. தொட்டி செய்கிற தொழிற்சாலையிலேயே மூடியில் ஒரு கீறல் வைத்துப் பூட்டும் போட்டுக் கொடுத்தது. ஒருமுறை ஒரு கிழவர் சீட்டோடு வாழைப்பழத் தோலையும் போட்டுவிட்டார். ஹேர் டோர்ன் அதையும் அறிக்கையில் எழுதினார்: 'சீட்டு அல்லாத பொருள், ஒன்று.'

காலை எட்டு மணிக்கு அவர் தொட்டியைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். அது சட்டம். அந்த நேரத்தில் அங்கே நானும் தீயணைப்புத் தலைவர் கிளவுஸின் நாயும்தான் இருப்போம். பெட்டி வெறுமையாக இருப்பதை இங்குள்ள அனைவரும் கண்டனர் என்று நாயைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் பூட்டுவார்.

இங்கே கட்சிகளை நிறத்தால்தான் சொல்வார்கள்: கறுப்பு பழைமைவாதிகள், சிவப்பு தொழிலாளர் பக்கம், பச்சை இயற்கையைக் காக்கிறவர்கள். மேலூர் கறுப்புக் கட்சிக்காரரின் ஊர். பால் கறந்துவிட்டு வருகிறவர்கள் கறுப்பு. பூசை முடிந்து வரிசையாக வருகிறவர்கள் கறுப்பு. ஆட்டுப்பாற் கட்டி செய்கிற வீட்டில் நாலு பேர், அவர்கள் பச்சை. மத்தியானம் ஹேர் டோர்ன் பாண் சுற்றி வந்த கடதாசிப் பையில் முடிவை எழுதி, மடித்து, கோப்பிப் போத்தலுக்கு அடியில் வைப்பார். மாலையில் எண்ணினால் அதுவேதான் வரும். கறுப்பில் இரண்டு மூன்று முன்பின்னாக இருக்கலாம். பச்சை நாலு. சிவப்பு ஒன்று. சிவப்பு ஒருநாளும் தப்பியதில்லை. எப்படி என்று கேட்டால், அனுபவம் என்பார்.

அந்த ஒரு சிவப்பு யார் என்பதுதான் மேலூரின் பெரிய கேள்வி. முதலில் வாத்தியாரைச் சந்தேகித்தார்கள். அவர் சைக்கிளில் போவார், வெளியூர்ப் பத்திரிகை எடுப்பார். ஒருவரும் நேரே கேட்கவில்லை. அவருடைய தேனை வாங்குவதை மட்டும் நிறுத்தினார்கள். இரண்டு வருடத்தில் அவர் தேன்பெட்டிகளோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். அடுத்த தேர்தலிலும் சிவப்பு ஒன்று. வாத்தியாரிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, வேறு ஆள் தேடினார்கள். பிறகு கிறிஸ்தவக் கோவிலில் ஓர்கன் வாசிக்கும் கிழவரைச் சந்தேகித்தார்கள். ஒரு பாட்டை அவர் வேகமாக வாசித்தாராம்.

பிறகு எனக்குக் குடியுரிமை கிடைத்தது. கிழவர் தப்பினார்.

நான் முதல்முறை வாக்களித்த மறுவாரம் பாண் வாங்கப் போனேன். கடைக்காரி ஃபிராவ் லின்ட் என் கையைப் பிடித்தாள். அவர்கள் டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், சொன்னதை நான் எங்கள் பேச்சில் எழுதுகிறேன். "ஒண்டும் யோசியாதை சிவா. உன்ரை நாட்டிலை அப்பிடிப் பழகியிருப்பாய். நாங்கள் கோவிக்கேல்லை" என்றாள். அந்த வாக்கு பன்னிரண்டு வருடமாக இருக்கிறது, எனக்கு இந்த வருடம்தானே உரிமை வந்தது என்று சொன்னேன். "அதுதானே" என்றாள், "முந்தியே துவங்கியிட்டாய்."

உண்மையில் அன்று மறைப்புத் தட்டிக்குள் நான் வெகுநேரம் நின்றேன். சிவப்புக்குப் போட்டால் ஒன்று இரண்டாகிவிடும். புதிதாக வந்த வாக்காளன் நான் ஒருவன்தான். பச்சைக்குப் போட்டால் நாலு ஐந்தாகிவிடும். யாருக்கும் தெரியாமல் நான் வாக்களிக்கக்கூடிய கட்சி ஒன்றுதான் இருந்தது. அதற்குப் போட்டேன். பிறந்த நாட்டில் சண்டை காரணமாக நான் ஒருமுறையும் வாக்களித்ததில்லை. இருபது வருடம் காத்திருந்து கிடைத்த இரகசிய வாக்கு அப்படிப் போனது.

அடுத்த தேர்தலுக்கு ஹேர் டோர்ன் என்னையும் எண்ணுகிறவர்களில் ஒருவனாகப் போட்டார். சீட்டுகளை விரித்து அடுக்குகிறபோது அந்த ஒரு சிவப்பு என் கையில்தான் வந்தது. பென்சிற் புள்ளடி. இரண்டாவது கோட்டின் முடிவில் கொக்கி. நான் அதை ஆயிரம் மரத்தில் பார்த்திருக்கிறேன். நிமிர்ந்தேன். ஹேர் டோர்ன் கோப்பிப் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். நான் சீட்டை மேசையில் வைத்து, சிவப்பு ஒன்று என்று சொன்னேன். அவர் எழுதினார்.

அவருடைய மனைவி, மேலூரின் கறுப்புக் கட்சி ஊர்த்தலைவர் ஹூபர்ட்டின் தங்கை. ஹூபர்ட்டின் தகப்பனும் ஊர்த்தலைவராக இருந்தவர். ஹேர் டோர்ன் குடியிருந்தது அந்தக் குடும்பத்தின் வீட்டில். முப்பது வருடமாக ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு ஹூபர்ட்டின் மேசையில். வாத்தியாருக்காவது தேன்தான் போனது. இது தெரியவந்தால் இந்த மனிதருக்கு என்ன மிஞ்சும் என்று யோசித்தேன். கதவும் மேசையும்கூட மிஞ்சாது. நான் ஒருவரிடமும் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. பாண் கடையில் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டேன்.

இப்போது மரத்துக்கு வருகிறேன். மேலூருக்குப் புதிய தீயணைப்பு வண்டி வாங்கினார்கள். வாங்கிய பிறகுதான் மண்டபத்தை அளந்தார்கள். வண்டி மண்டபத்தைவிட அரை மீற்றருக்கு மேல் நீளம். அது மூக்கை வெளியே நீட்டிக்கொண்டு, கதவு பூட்ட முடியாமல் நின்றது. மண்டபத்தை நீட்ட வேண்டுமென்றால் முன்னால் நிற்கிற பெரிய கஸ்டானியன் மரம் போக வேண்டும். மரம் மண்டபத்துப் பக்கம் கொஞ்சம் சாய்ந்து, வாசலுக்கு எதிரே நின்றது. ஹேர் டோர்ன் மத்தியானத்தில் அதன் கீழிருந்துதான் பாண் சாப்பிடுவார். என் மனைவி அதைக் கண்டு, "உங்கடை பெரியவர் அந்த மரத்தோடை மட்டும்தானப்பா வாய் திறக்கிறார்" என்பாள்.

ஹூபர்ட் மரத்தை வெட்ட உத்தரவிட்டார். ஹேர் டோர்ன் அதற்குச் செம்மஞ்சள் மையில் புள்ளடி போட்டார். வால் சதுக்கத்துப் பக்கம், வண்டிக்கு எதிர்ப் பக்கம். மறுநாளே ஊர் இரண்டாகியது. மாட்டு வைத்தியர் ஆன்யா மரத்தைக் காப்பாற்ற வேண்டும் என்றாள். அவள் சிவப்புக் கட்சி, முந்திய தேர்தலுக்குப் பிறகுதான் வெளியூரிலிருந்து மேலூருக்குக் குடிவந்தவள், ஆனால் எல்லாருடைய மாட்டுக்குள்ளும் கை விட்டவள். ஊர்க் கூட்டத்தில் ஹூபர்ட் கோபித்து, பதவியை விட்டுவிட்டார். பிறகு அந்தப் பதவிக்கே மறுபடி போட்டியிட்டார். தான் இல்லாமல் ஊர் நடக்காது என்பதை ஊருக்குக் காட்டுவதற்காகவாம். நவம்பரில் தேர்தல். சீட்டில் இரண்டே பேர். மேலே ஹூபர்ட், கீழே ஆன்யா. முடிவு தெரியும்வரை மரம் நிற்கட்டும் என்று நகரசபை சொன்னது.

அன்று மத்தியானம் ஹேர் டோர்ன் கடதாசிப் பையை மடித்து வைத்தார். ஒன்றும் எழுதவில்லை.

மாலை ஆறு மணிக்குக் கைக்கடிகாரத்தைப் பார்த்து வாக்களிப்பு முடிந்தது என்றார். மேசையில் ஐந்து பேர்: அவர், கிளவுஸ், ஃபிராவ் லின்ட், ஓர்கன் கிழவர், நான். எண்ணுவதை யாரும் வந்து பார்க்கலாம். வாசலில் பாதி மேலூர் நின்றது. ஹூபர்ட் மரத்தில் சாய்ந்துகொண்டு நின்றார்.

முதலில் விரிக்காமல் சீட்டுகளை எண்ணினோம். பெயர்ப் பட்டியலில் இருந்த கோடுகளை எண்ணினோம். இரண்டும் ஒன்றாக வந்தன. பிறகு விரித்து அடுக்கினோம். ஹூபர்ட் தொண்ணூற்றொன்று. ஆன்யா தொண்ணூறு. ஒன்றுமே எழுதாத சீட்டு ஒன்று. கடைசியாக ஒரு சீட்டை ஃபிராவ் லின்ட் நடுவில் வைத்து, இது என்ன என்று கேட்டாள்.

ஆன்யாவின் பெட்டியில் புள்ளடி. அதிலிருந்து ஒரு வால் மேல்நோக்கி வளைந்து ஹூபர்ட்டின் பெயரை முட்டிக்கொண்டு நின்றது. மற்றவர்களுக்கு அது கிறுக்கல். அந்த வால் என்ன சொல்கிறது என்பது எனக்குத் தெரியும். எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று சொல்கிறது.

செல்லும் என்றால் சமம், திருவுளச்சீட்டு. செல்லாது என்றால் ஹூபர்ட் ஊர்த்தலைவர்.

ஹேர் டோர்ன் எழுந்து, குளிருகிறது என்று சொல்லி மண்டபக் கதவை இழுத்துச் சாத்தப் போனார். ஏன் என்று எனக்கு மட்டும் விளங்கியது. மண்டபத்து வெளிச்சம் நேரே மரத்தில் விழுந்து, ஹூபர்ட்டின் காதுக்குப் பக்கத்தில் செம்மஞ்சள் புள்ளடி வாலோடு எரிந்துகொண்டிருந்தது. "சாத்தேலாது, டோர்ன்" என்றார் ஓர்கன் கிழவர். "எண்ணிறது பகிரங்கம்." ஹேர் டோர்ன் கதவை மறுபடி திறந்துவிட்டு வந்து இருந்தார்.

கிளவுஸ் சட்டப் புத்தகத்தை எடுத்தார். தன் வண்டி கூரைக்குள் போக வேண்டுமே என்ற கவலை அவருக்கு. வாக்களித்தவர் யாரென்று காட்டிக்கொடுக்கும் அடையாளம் இருந்தால் சீட்டுச் செல்லாது என்று விரல் வைத்து வாசித்தார். பிறகு கேட்டார்: "இது ஆற்றை எண்டு இஞ்சை ஆருக்கும் தெரியுமோ?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாசலில் நின்றவர்களும் பார்த்தார்கள்.

"சிவா," என்றாள் ஃபிராவ் லின்ட், மெதுவாக, "உங்கடை எழுத்தெல்லாம் இப்பிடித்தானே சுருண்டிருக்கும்?"

இருபது வருடத்தில் நான் அந்த மண்டபத்தில் எண்களைத் தவிர ஒன்றும் பேசியதில்லை. இது என்னுடையது இல்லை, என்னுடையது ஹூபர்ட்டின் அடுக்கில் இருக்கிறது என்று சொன்னேன். பிறகு பெரிய சர்ச்சை. யாருடையது என்று தெரிந்துவிட்டதால் என் வாக்கும் செல்லாதோ என்று ஃபிராவ் லின்ட் கேட்டாள். அப்படியென்றால் ஹூபர்ட்டுக்கு ஒன்று குறையும் என்று கிளவுஸ் பயந்தார். எது என் சீட்டு என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று வாசலிலிருந்து ஒருவர் கேட்டார். ஓர்கன் கிழவர் தீர்த்துவைத்தார்: "வாயாலை சொன்னால் செல்லும். சீட்டிலைதான் சொல்லக்கூடாது."

ஃபிராவ் லின்ட் மட்டும் என்னை விடவில்லை. "ஹூபர்ட்டுக்கோ? நீயோ? இவ்வளவு காலமும் நாங்கள் உன்னைப் பாவம் பாத்தமே." நான் அவளை ஏமாற்றிவிட்டது போல அவள் முகம் இருந்தது.

வாக்கெடுப்பு. கிளவுஸ், செல்லாது. ஃபிராவ் லின்ட் கொஞ்சம் யோசித்து, செல்லாது. ஓர்கன் கிழவர், செல்லும். ஹேர் டோர்ன் என் பக்கம் திரும்பினார். வேலைத்தளத்தில் எல்லோருக்கும் நான் சிவா. அன்று அவர் என் முழுப் பெயரையும் ஒரு எழுத்தும் விடாமல் சொன்னார்.

"ஹேர் சிவபாதம். இது ஆற்றை எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியாது" என்றேன்.

"செல்லுமோ?"

"செல்லும்."

நான் சொன்ன பொய் அறிக்கையில் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. கீழே என் கையெழுத்தும் இருக்கிறது.

இரண்டுக்கு இரண்டு. அப்படி வந்தால் தலைவரின் குரல் முடிவு. ஹேர் டோர்ன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டு, யாரோ முன்பின் தெரியாதவர் எழுதிய கடிதத்தைப் போல அந்தச் சீட்டைப் பார்த்தார். வாக்காளரின் எண்ணம் தெளிவாக இருக்கிறது என்றார். செல்லும் என்றார். பிறகு அறிக்கையில் 'செல்லும்' என்ற பெட்டியில் புள்ளடி போட வேண்டியிருந்தது. நான் அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் கோடு. இரண்டாவது கோடு. முடிவில் கை நின்றது. வால் வரவில்லை. வாலில்லாத அவருடைய புள்ளடியை நான் கண்டது அதுதான் முதல் தரம்.

திருவுளச்சீட்டுக்கு ஒழுங்கான பாத்திரம் இல்லை. சொக்கிலேற் முட்டைக்குள் விளையாட்டுச் சாமான் வருகிற மஞ்சள் கூடுகள் இரண்டை யாரோ வீட்டிலிருந்து கொண்டுவந்தார்கள். பெயர்களை உள்ளே வைத்துத் தீயணைப்புத் தொப்பியில் போட்டுக் குலுக்கினார்கள். யார் எடுப்பது? மேலூரில் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். சொந்தமில்லாத ஆள் நான் ஒருவன்தான். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன்.

ஹூபர்ட்.

ஹூபர்ட் உள்ளே வந்து எங்கள் எல்லோருடைய கையையும் குலுக்கினார். தனக்கு எதிராகப் போட்ட அந்த வால்காரனைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்தாலும் கண் சிரிக்கவில்லை. தங்கை புருஷனின் தோளில் தட்டி, "மச்சான், ஞாயிறு சாப்பாட்டுக்கு வாறாய்தானே?" என்றார்.

"ஓம்" என்றார் ஹேர் டோர்ன்.

மறுநாள் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, வண்டி மறுபடி மண்டபத்தில் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்க, ஹேர் டோர்ன் என் கையில் ஒரு கம்பித் தூரிகையைத் தந்து, மரத்திலிருந்த புள்ளடியைத் தேய்த்து எடுக்கச் சொன்னார். எடுத்தேன். அதே இடத்தில் அவர் புதிதாக ஒன்று போட்டு, நேராக இருக்கிறதா என்று கேட்டார். நேராக இருக்கிறது என்றேன். பிறகு சீட்டுக் கட்டுகளை ஒப்படைக்க நகரசபைக்குப் போய்விட்டார். எட்டரைக்கு உவே மெசின் வாளோடு வந்து, மரத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, வால் எங்கே என்று என்னைக் கேட்டான். தெரியாது என்றேன். வால் இல்லையென்றால் சாய்ந்த பக்கமே விழட்டும் என்றான். ஒன்பதேகாலுக்கு மரம் புதிய தீயணைப்பு வண்டியின் மூக்கில் விழுந்தது. ஒருவருக்கும் காயமில்லை.